பன்னிரண்டு கிராம் இடப்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

பெரிய கடையிலிருந்து இருநூறு பருப்புப் பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. ஒரு கிலோ என்று அச்சடித்தது, எடை குறைகிறதாம். பாக்கெட் போடுகிறவளை, எல்லோரும் ‘தராசுக்கை’ என்று கூப்பிடுகிறவளை, அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: "கை நீளமா, இல்ல கண்ணு குருடா?"

"பதினோரு வருஷம், முதலாளி" என்றாள். ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

வியாபாரத்தில் முகம் பார்க்க முடியுமா?

மார்ச் 6, வியாழன்

கடையின் கொள்முதல் அதிகாரி போன் செய்தார். இருநூறையும் வேறு தராசில் நிறுத்து, எடைப் பரவலை வளைகோடாக வரைந்து அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. எனக்குப் பருப்பு தெரியும், லாரி தெரியும். வளைகோடு?

பேக்கரிக்காரரின் தராசை இரவல் வாங்கி நிறுத்தேன்.

மார்ச் 8, சனி

மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். "நீங்களே வரைங்கப்பா, நான் சொல்றேன்" என்றாள். எக்ஸெல்லில் எடைகளை அடித்து, சராசரி, திட்ட விலக்கம் போட்டு, பக்கத்து வரிசையில் வாய்பாடு இறக்கி, படம் கேட்டால் ஒரே கிறுக்கல்.

"எறும்பு மைல விழுந்து நடந்த மாதிரி இருக்கு! எடைய சின்னதுலேருந்து பெருசா அடுக்குங்கப்பா."

அடுக்கினேன். கோடு எழுந்து வளைந்து மணிபோல் நின்றது. நான் எதிர்பார்த்தது அகலமான, சிதறிய கோடு. இது ஒல்லி.

"எல்லாத்துலயும் கை ஒரே மாதிரி போட்டிருக்கு. ஆனா உச்சி ஆயிரத்துல இல்ல, தொள்ளாயிரத்து எண்பத்தெட்டுல. திருடற கை இவ்வளவு ஒழுங்கா திருடாதுப்பா. உங்க தராசப் பாருங்க."

மார்ச் 9, ஞாயிறு

பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் தட்டின் எடையைக் கழிக்கும்படி தராசில் பதிந்தது நான். போன மாதம் பளபளவென்று எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்தது நான். யாரும் கைவைக்கக் கூடாதென்று, பூஜ்ஜியமாக்கும் பொத்தான்மேல் டேப் ஒட்டியதும் நானே. புதுத் தட்டு பன்னிரண்டு கிராம் கூடுதல்; அவ்வளவும் பருப்பில் குறைந்திருக்கிறது.

சே.

மார்ச் 10, திங்கள்

பாக்கெட் போடுவதை நிறுத்தி வைத்தேன். வளைகோட்டை அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் முதலில் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதினேன். அழித்தேன். ‘உரிமையாளரின் தவறு.’

தராசுக்கையின் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். எந்த முகத்தோடு?

மார்ச் 11, செவ்வாய்

போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு என்மேல இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இங்க வந்து ஏன் சொல்றீங்க? எங்க திட்டினீங்களோ அங்க சொல்லுங்க."

மார்ச் 13, வியாழன்

அவளும் வந்திருந்தாள். எல்லோரும் நிற்க, வளைகோட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இந்தம்மா கை நீளமில்ல. என் புத்திதான் கட்டை." யாரும் சிரிக்கவில்லை.

அவள் நேராக தராசுப் பக்கம் போனாள். என் டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தாள். வெறும் தட்டை வைத்தாள், பொத்தானை அழுத்தினாள், பூஜ்ஜியம் வரும்வரை பார்த்தாள்.

"நிக்கறீங்களே முதலாளி, மூட்டையப் பிரிங்க."

பிரித்தேன்.