புகைக்குழாய்க்கு வைத்த கிரீடம்

தலவாக்கலை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் நிஷாந்திக்குச் சித்தப்பா எழுதுவது. ஜேர்மன் குளிரில் நீ சுகமாயிருக்க மாரியம்மன் துணை. இங்கே நானும் என் மீசையும் சுகம். உன் சித்திதான் மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பயப்படாதே, நாளை துண்டுச்சீட்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். ஆனால் அடுப்புப் புகை இனி அவளுக்கு ஆகவே ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார், அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் எழுந்துபோய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எல்லாம் நான் வைத்த புகைக்குழாயால் வந்தது. ஆசியாக் கண்டத்தில் எந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்கும் இல்லாத அழகாக இருக்கட்டுமென்று அதன் வாயை ராஜா கிரீடம்போலப் பல்பல்லாக வெட்டியிருந்தேன் அல்லவா, திம்புள்ளையிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள், சந்தேகமென்றால் பக்கத்து வீட்டுச் சோலைமலையைக் கேள், அவரும் பொய்தான் சொல்வார். வெளியே போன புகை அங்கேயே சுழன்று தகர இடுக்கு வழியாகக் குசினிக்கே திரும்பியது. வீடியோவில் பார்த்துவிட்டு நீ சொன்னாய், வாயைவிட்டு வரும் புகை கொஞ்சதூரம் நூல்போல நேராகப் போகும், ஓடும் புகையும் நிற்கும் காற்றும் உரசும் ஓரத்தில் நெளிவு விழும், நெளிவு சுருண்டு வளையமாகும், ஒரு வளையம் இன்னொன்றோடு சேர்ந்து பெரிதாகும், கடைசியில் எல்லாம் உடைந்து தாறுமாறாகக் கலங்கும், என் கிரீடத்தின் பற்கள் அந்தக் கலக்கத்தை வாயிலேயே தொடங்கிவைக்கின்றன என்று. "பல்ல வெட்டிட்டுக் குழாய ஒசத்துங்க சித்தப்பா, கலங்குறது கூரைக்கு மேல போய்க் கலங்கட்டும்" என்றாய். சக்கரவர்த்தி கேட்பேனா, ஜேர்மன் காற்று வேறு எங்கள் காற்று வேறு என்றேன். அந்த வாரமே சித்திக்கு இழுப்பு.

இன்று தகரம் அறுக்கும் வாளோடு கூரையேறினேன். ஏணியைப் பிடித்த சோலைமலை, மகாராசா முடி துறக்கிறார் என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினார். பற்களை அப்படியே வளையமாக அறுத்தெடுத்து, விளிம்பை அரத்தால் வழித்து, குழாயை உயர்த்தி, ஈரத் தேயிலைக் குச்சி மிலாரைப் போட்டு அடுப்பை மூட்டினேன். புகை முழ உயரம் நேராக எழுந்து, அதற்குமேல்தான் சுருள ஆரம்பித்தது. ஆனாலும் மலைக்காற்றை நம்ப முடியுமா, ராத்திரிக்குள் இன்னும் பத்துத் தடவையாவது பார்ப்பேன்.

வெள்ளி மாலை. சித்தி வந்துவிட்டாள். அடுப்பை நான் மூட்டினேன், அவள் வாசலிலேயே நின்றாள், பிறகு மெல்ல உள்ளே வந்தாள். மூச்சு அவளுக்குச் சீராக ஓடியது, நின்றுபோனது எனக்குத்தான். அண்ணாந்து பார்த்து, "கிரீடம் எங்கங்க?" என்றாள். கோழிக்கூட்டு உச்சியில் நான் ஆணியடித்து வைத்திருப்பதைக் காட்டினேன். அதற்குள் ஏறி ராஜாபோல நின்ற சேவலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள் மகளே, நடுவில் ஒரு இருமல்கூட வரவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாயிரு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. இது கிடைத்ததும் சித்தியைப் போனில் கூப்பிட மறக்காதே, அந்தச் சிரிப்பை நீயும் கேட்க வேண்டும்.

முடிதுறந்த உன் சித்தப்பா,
மாயாண்டி