திறக்காத பீரங்கி

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டபோது, "வேலை நல்லாப் போகுது" என்று மட்டும் சொன்னேன். மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்ததைச் சொல்லவில்லை. பயப்படாதே, கோபம் மட்டும்தான் மிச்சம்.

கடற்கரையில் போர்க்காலத்தில் விட்டுப்போன பீரங்கி ஒன்றை வெட்டி அகற்ற வேண்டும். குண்டு போடும் பின்கதவு துருவேறி இறுகிவிட்டது. உள்ளே பார்க்காமல் வெட்டக் கூடாது. அதைக் கவனிப்பதுதான் என் வேலை.

"அப்பவே வெடிக்காதது உனக்காகவா வெடிக்கப் போகுது? வெட்டுய்யா!" என்றார் மேலாளர், வெட்ட வந்த வெல்டரிடம்.

வெல்டர் என்னைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

நான் கேஸ் சிலிண்டரை மூடிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். "வெடிகுண்டு நிபுணர் பார்க்கட்டும் சார். அப்புறம் தரேன்."

"ரொம்பப் படிச்சிட்டா இதான் தொல்லை" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

துருத்தூள் மூக்கில் ஏறுகிறது. முகத்தில் கட்டிக்கொள்ள உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமலே அனுப்பு. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பி.கு.: பீரங்கி என்ன ஆயிற்று என்று கேட்பாய். நேற்று நிபுணர்கள் வந்து திறந்தார்கள். உள்ளே குண்டு இருந்தது. அவர்கள் அதைப் பத்திரமாக எடுத்துப் போவதற்கு முன், மேலாளர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.