நான்கு நிமிடம் பத்து வினாடி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நேற்று போனில் மருந்து சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கேட்க வந்தது அது இல்லை. நம் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறாள். மாப்பிள்ளை, பேத்தி, அடுத்த வீட்டுக்காரர் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க ஒரு மனிதன் என்னத்தைப் பேசுவான்? அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தாறு வருடம் ஊரார் கடிதங்களை எல்லாம் சுமந்த தபால்காரன், உனக்கென்று எழுதியது மொத்தம் மூன்றே மூன்று. இது நாலாவது. தயவுசெய்து இதைத் தனியாக உட்கார்ந்து படி. மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சமையல் ஏதோ ஓடுகிறது. ஒரு நாள் உப்பில்லை, மறுநாள் உப்பு மட்டும்தான். குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது. உன் தையல் மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி தையல் பிரிவிலிருந்து உன்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். உன் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லையாம். இதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன மாதம் நீ மகளிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. "அங்க போய் நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்து என்ன பண்ணப்போறேன்? வாசலை விட்டு இறங்கினா அந்தப் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தானே எங்கேயும் போகணும்" என்றாயாம். நியாயமான பேச்சு. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பஸ் ஸ்டாண்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்.

ரயில், பஸ், படகு மூன்றும் ஒரே இடத்தில் கூடும் நிலையம் வரப்போகிறது, சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்துத் திருத்தப்போகிறார்கள், ஊர்மக்களைக் கேட்டுத்தான் எல்லாம் நடக்கும் என்று இரண்டு வருடம் முன்னால் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்களே, நினைவிருக்கும். உனக்கு டியூட்டி, நீ வரவில்லை. ஆறு மேசையைச் சேர்த்துப் போட்டு, பெரிய வரைபடம் விரித்து, ஆளுக்கு ஒரு கை வண்ணப் பொட்டுகள் கொடுத்தார்கள். பச்சை ஒட்டினால் மரம், நீலம் ஒட்டினால் உட்காரும் பலகை, சிவப்பு என்றால் கழிப்பறை. நம் முடிதிருத்துக்காரர் நீலப் பொட்டு அத்தனையையும் தன் கடை வாசலிலேயே ஒட்டினார். கழிப்பறை எல்லோருக்கும் வேண்டும், யார் வீட்டுப் பக்கமும் வேண்டாம். ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளித் தள்ளி, கடைசியில் சிவப்புப் பொட்டு ஆற்றுக்கு நடுவில் போய் நின்றது. அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தேன். அதற்கு அடுத்த வாரம் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டை ரயில் நிலைய வாசலிலேயே வைப்பதா, பின்னால் பழைய மரவாடி நிலத்துக்கு மாற்றுவதா என்பதுதான் அப்போதைய கேள்வி. வாசலில் வைத்தால் கார் நிறுத்தும் இடம் போய்விடும். மரவாடியில் வைத்தால் இடம் தாராளம், புதுக் கடைகளும் வரும். ஆனால் இறங்கி ஏறுகிறவர்கள் ஐந்து நிமிடத்துக்குமேல் நடக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டாம். நடந்து பார்த்து அளக்க வேண்டும் என்றாள் திட்ட அலுவலகத்துப் பெண். நம் மகள் வயதுதான் இருக்கும், மரியாதை தெரிந்த பெண். அங்கே நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம். முடிதிருத்துக்காரர் உடனே, "நம்ம தபால்காரரை விட்டா வேற யாரு?" என்றார்.

நான் ஓய்வுபெற்று அப்போது ஒன்றரை வருடம். அதுவரை ஒரு காரியத்துக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை. உனக்கே தெரியும், காலையில் எழுந்து நீ வேலைக்குப் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். அன்று என்னைக் கூப்பிட்டதும் தலைகால் புரியவில்லை. மறுநாள் நீ கிளம்பிய பிறகு டியூட்டி ஷூவை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பெண் கையில் நிறுத்துக் கடிகாரம். சாதாரணமாக நடங்கள் சார் என்றாள். இதுதான் என் சாதாரணம் என்றேன். பொய் இல்லை. தோளில் பையும் பின்னால் நாயுமாக முப்பத்தாறு வருடம் நடந்தவன் நடை வேறு எப்படி இருக்கும்? நான்கு நிமிடம் பத்து வினாடி. முடிதிருத்துக்காரர் கை தட்டினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. படிவத்தில் மூன்று வரி இருந்தது. வழக்கமாகப் போய்வருகிறவர் ஒருவர், சுமை தூக்குகிறவர் ஒருவர், வயதானவர் ஒருவர், மூன்று பேரும் தனித்தனியாக நடக்க வேண்டும். மற்ற இருவரையும் நாளைக்கு வரவழைக்கலாம் என்றாள் அந்தப் பெண். பிறகு ஏதோ போன் வந்து அவள் அலுவலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. படிவத்தை எங்களிடம் விட்டுவிட்டு, ஆள் பிடித்து நடத்தி முடித்துக் கொடுங்கள் என்று சொல்லிப் போனாள். ஆள் எதற்கு, நானே போதாதா? எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, நான் வயதானவன். பழைய தபால் பையில் நாலு செங்கல்லைப் போட்டுக்கொண்டேன், நானே சுமைக்காரன். மூன்று வரியிலும் என் நடைதான். பெயர் கேட்கவில்லை, வயதும் நேரமும் மட்டும்தான் கேட்டிருந்தது. செங்கல்லோடு நடந்தபோதும் நாலரை நிமிடம் தாண்டவில்லை என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

அன்று மாலையே உன்னிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான் இருந்தேன். நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். நிலையம் கட்டி முடித்த பிறகு, இது என் காலால் அளந்தது என்று உன்னை அங்கே நிறுத்திச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். முதல் கட்டமாகப் பஸ் ஸ்டாண்டை மட்டும் மரவாடிக்கு மாற்றினார்கள். பஸ் வந்து ஆறாவது நிமிடம் ரயில் என்று நேரம் வைத்தார்கள். அந்த ஆறு என் நான்கைப் பார்த்து வைத்ததுதான். அதை விட்டால் அடுத்த ரயில் நாற்பது நிமிடம் கழித்து. வேலைக்குப் போகும் அந்த ரயிலைப் பிடிக்க நீ தினமும் ஓடினாய். மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் சொன்னாய்: "எந்தப் புண்ணியவான் அளந்தானோ! அவன் பொண்டாட்டி பிள்ளையோட ஒரு நாளாவது நடந்திருப்பானா?" நான் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அன்றே போய்ச் சொல்லியிருந்தால் அவர்களும் நேரத்தையாவது மாற்றியிருப்பார்கள். மூன்று மாதம் சொல்லாமல் இருந்தேன். மழை பெய்த அந்தக் காலையில் மரவாடியிலிருந்து ரயிலுக்கு இறங்கும் சரிவில் நீ விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உன் இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, "ரயில் போயிருச்சா?" என்று கேட்டாய். மகள் அழுதாள். நான் வெளியே போய் வராந்தாவில் நின்றேன். அவள் உன்னைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னபோது ஒரு வார்த்தை தடுக்கவில்லையே என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கலாம். எந்த முகத்தோடு தடுப்பேன்?

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று நீ சொல்வாய். வாலையாவது பிடிக்கலாம் என்றுதான் போன மாதம் ஒன்பது நாள் காலையில் அந்தப் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். இறங்குகிறவர்களில் ஒருவர் பின்னால் கடிகாரத்தோடு நடப்பேன். கைக்குழந்தைக்காரி பத்து நிமிடம். காய்கறிக் கூடைக்காரர் ஒன்பது. என் வயதுப் பெரியவர் ஒருவர் நடுவில் இரண்டு தடவை நின்று பதின்மூன்று நிமிடம் எடுத்தார். ஏன் என் பின்னாலேயே வருகிறீர்கள் என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். நடையை அளக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். நான்கு நிமிடத்தில் நடந்தவர் ஒருவர்கூட இல்லை.

போன வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். மாதக் கடைசியோடு மரவாடி நிரந்தரமாகிவிடும். எழுந்து நின்றேன். அந்த மூன்று வரியும் நான்தான் என்றேன். முடிதிருத்துக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, முடிந்த கதையைக் கிளறாதீர்கள் அண்ணே என்றார். பாவம், மரவாடியில் புதுக் கடைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நானே கண்ணாடி பார்த்து வெட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

அந்தப் பெண் பழைய படிவத்தைத் தேடி எடுத்தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். "மூணும் நீங்கதானா சார்?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சரிபார்க்காமல் விட்டது தன் தவறும்தான் என்று அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவள் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியவில்லை. அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

வரும் இருபத்தெட்டாம் தேதி திரும்ப அளக்கப் போகிறார்கள். இந்தத் தடவை பத்துப் பேர் நடக்க வேண்டும், நிஜமாகவே அந்த வழியில் போய்வந்தவர்களாக இருக்க வேண்டும். அளவு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டை வாசலுக்குக் கொண்டுவர முடியும் என்கிறாள். கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது, கார்க்காரர்களும் கடைக்காரர்களும் விட மாட்டார்கள். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்தாவதாக ஊன்றுகோலோடு நடக்கிற ஒருவர் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யாரையாவது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னை விழ வைத்த வழியில் உன்னையே திரும்ப நடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் மாட்டேன். வேறு யாரையாவது தேடிப் பிடிப்பேன். நடப்பதற்காக நீ வர வேண்டாம். அளந்தவன் யார் என்று இத்தனை நாள் நீ கேட்டுக்கொண்டிருந்தாய், அவன் உன் வீட்டிலேயே இருந்தான். இதைத் தெரிந்த பிறகும் இங்கே வந்து இருக்க உனக்கு மனம் வருமா என்றுதான் கேட்க நினைக்கிறேன். திட்டுவதற்காகவே வந்தாலும் சரி, வந்து திட்டு.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உன் எலும்பு நன்றாகக் கூடி, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். எப்போது வந்தாலும் ஒரு வரி எழுது. ரயிலில் உன் பெட்டி வந்து நிற்கும் இடத்திலேயே நிற்கிறேன். எல்லோரும் இறங்கிப் போகட்டும். அடுத்த பஸ்ஸும் போகட்டும், அதற்கடுத்ததும் போகட்டும். நீ மெதுவாக இறங்கி வா.

இப்படிக்கு,
உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்த
உன் வீட்டுக்காரன்