ஈரத் துண்டு காயாத நாள்

முத்தியால்பேட்டை,
வைகாசி 5

அன்பு மகன் இனியவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், உன் அப்பாவும் இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது. போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்தச் சின்ன வீட்டில் நான் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். அதனால்தான் எழுதி, நாளைக்கு பிரான்சுக்கு, உன் லியோனுக்கே திரும்புகிற எதிர்வீட்டு நெடுமாறனிடம் வற்றலோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். கை வியர்த்துத் தாள் ஒட்டிக்கொள்கிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இந்த வருஷ வெயிலைச் சொல்லி மாளாது. நம் ஊரில் காலையில் மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும், அனல்தான், ஆனாலும் காய்ந்த காற்று. தரை கொதித்து, அந்தச் சூட்டுக் காற்று மேலே கிளம்பியதும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாடா என்று இருக்கும். இந்தத் தடவை மேல்காற்று அதை வர விடாமல் பொழுது சாயும் வரை தள்ளிக்கொண்டே இருந்தது. அப்புறம் வங்கக் கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது, மழை வரும் என்று டிவியில் சொன்னார்கள். நானும் மாடிக்கு ஓடி வற்றலை அள்ளிக்கொண்டு வந்தேன். அது வடக்கே எங்கேயோ போய்க் கொட்டித் தீர்த்தது, நமக்கு மப்பும் புழுக்கமும்தான் மிச்சம். மேகம் போர்வை மாதிரி மூடிக்கொண்டு, பகலில் ஏறின சூட்டை ராத்திரியிலும் இறங்க விடவில்லை. பானைத் தண்ணீர்கூடக் குளிரவில்லை என்றால் பார்த்துக்கொள். தூக்கம் இல்லாமல் எனக்குக் கண்ணெல்லாம் எரிகிறது.

அப்படி ஒரு நாளில்தான் உன் அப்பா விழுந்துவிட்டார். பஞ்சு மில்லை மூடின பிறகு அவர் போய்க்கொண்டிருக்கிற கிரில் பட்டறை உனக்குத் தெரிந்ததுதானே, மேலே தகரம், உள்ளே வெல்டிங் நெருப்பு. தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டால் எந்த வெயிலும் தன்னை ஒன்றும் செய்யாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இலை அசையவில்லை, இன்றைக்கு ஒரு நாள் போகாதீங்க என்று கெஞ்சினேன். மில்லில் நூல் அறுந்துவிடாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீரைப் புகையாக அடித்த இடத்தில் வேலை பார்த்தவன் நான், எனக்கே புழுக்கத்தைக் காட்டுகிறாயா என்று சிரித்துவிட்டுப் போனார். அப்போது வயது முப்பது, இப்போது அறுபது தாண்டியாயிற்று, அதை யார் அவருக்குச் சொல்வது. பட்டறைக்கார அருள்முருகன் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் பண்ணினார். நான் போய்ப் பார்த்தபோது ஆள் யார் எவர் என்று தெரியாமல் உளறிக்கொண்டிருந்தார், உடம்பு கொதித்தது, அந்தத் துண்டு மட்டும் காயாமல் சொதசொதவென்று இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது இனியவா. வேர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்குமாம், காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வையும் காயாது, துண்டும் காயாது, சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னாள். இவர் கேட்கிறாரா? போன வாரம் நாற்பத்தொரு டிகிரி அடித்தபோது கல்லு மாதிரி நின்றேன், முப்பத்தாறிலா விழுவேன், காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார்.

கத்திரி வெயில் முடிந்து நாலு மழை பெய்கிற வரைக்கும் பட்டறைப் பக்கமே போகக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் வருகிற திங்கட்கிழமை போகிறேன் என்று நிற்கிறார். உன் தங்கை சுடர்விழி நெல்லித்தோப்பிலிருந்து தினமும் இளநீர் வாங்கிக்கொண்டு வந்து அழுது பார்க்கிறாள், அவள் பேச்சும் எடுபடவில்லை. ஏன் இந்தப் பிடிவாதம் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. போன வருஷம் போனில் நீ, "தகரக் கொட்டாயில வெந்து சாவணும்னு உனக்கு என்னப்பா, என் மானம் போவுது" என்றாய். பாசத்தில் வந்த கோபம் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது, பெற்ற பிள்ளைக்கே என் வேலை அசிங்கமாகப் போய்விட்டது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார், நீயும் அப்பாவிடம் கொடு என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று எனக்கு அலுத்துப்போய்விட்டது. அவர் இப்போது வேலைக்குப் போவது சாப்பாட்டுக்காக இல்லையப்பா, உன்மேல் இருக்கிற ரோஷத்துக்காக. நீ சொன்னதால்தான் போகிறார், அதனால் நீ சொன்னால்தான் நிற்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு குளிரில் வெளியே போகாதே. வற்றலைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவை. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இன்னும் ஒன்று. காலையில் நான் வற்றலைக் கட்டிக்கொண்டிருந்தபோது யாருக்கு என்று கேட்டார், உனக்கு என்றேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்க குளிர் விட்டுடுச்சான்னு கேளு" என்றார். ஒரு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்டது இது ஒன்றுதான். இதற்குப் பதிலை எனக்குச் சொல்லாதே. திங்கட்கிழமைக்கு முன்னால் அவர் நம்பருக்குக் கூப்பிட்டு, அவரிடமே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமுதவல்லி