கடைமடை வயலில் விளைந்த கோப்பை

முந்தாநாள் காலையில் உங்கள் வீட்டு வண்டிக்காரர் ஒரு துணிமூட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார், அண்ணாச்சி. பிரிப்பதற்கு முன்பே புளி வாசனை வந்தது. யாரோ அவசரமாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயாமலே பழைய வேட்டியில் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே நம் கோப்பை. வெள்ளிப் பூச்சு அநேகமாகப் போய்விட்டது, அடியில் இருந்த பித்தளை வெளியே தெரிகிறது. ஒரு கைப்பிடி ஆடுகிறது.

கூடவே உங்கள் மகன் ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருந்தார். வண்டிக்காரர் அதை மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பது போல ஒப்பித்தார். "அப்பா பேர்ல மறுபடியும் டீம் வைக்கப் போறாவளாம். வாத்தியாரய்யாதான் முன்ன நின்னு நடத்தணுமாம். அப்பா என்னென்ன செஞ்சாகளோ, அம்புட்டையும் தானும் செய்வேன்னு சொல்லச் சொன்னாவ."

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னை அன்றைக்கு முழுவதும் படுத்தி எடுத்தது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தவன் நடுவில் நிறுத்திவிட்டு, என்னென்ன செய்தீர்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

போன ஐப்பசியில் ஊரெல்லாம் பரவிய காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது நானும் பாடையோடு நடந்தேன். "ஊருக்குப் பந்து கொண்டாந்த மனுசன்" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அது பொய்யில்லை. நிலத் தகராறு ஒன்றுக்காகப் பாளையங்கோட்டைக் கச்சேரிக்குப் போனீர்கள். வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பொழுது போகாமல் மைதானத்து ஓரத்தில் நின்று பந்தாட்டம் பார்த்தீர்கள். வழக்கு என்ன ஆயிற்று என்று அப்புறம் நீங்கள் கேட்கவே இல்லை என்று உங்கள் வீட்டில் குறைப்பட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரமே தூத்துக்குடியில் ஒரு தோல் பந்து வாங்கி, வில்வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள்.

"ஏலே, இத ஒதைக்கணும். கையால மட்டும் தொடப்படாது. எவனுக்கு முடியும், சொல்லுங்கலே!"

ஆட இடம் வேண்டுமே. பங்குனியில் பிசானப் போகம் அறுவடை முடிந்து கிடந்த உங்கள் கடைமடை வயலைக் கொடுத்தீர்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல், தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற வயல். பாளையங்கோட்டையில் வாத்தியார் பயிற்சிக்குப் படித்தபோது நான் கொஞ்சம் பந்து உதைத்திருக்கிறேன் என்று யாரோ உங்கள் காதில் போட, என்னைக் கேப்டன் ஆக்கினீர்கள். உள்ளங்காலில் அறுத்த நெல்தாள் குத்தக் குத்த ஆடினோம். நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பீர்கள். ஆட்டத்தின் சட்டம் உங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "கோல்ல நிக்கவன் மட்டும் கையால பிடிக்கான். மத்தவன் பிடிச்சா என்ன குத்தமா வே?" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் பானை நிறையக் கஞ்சி, துவையல், ஆளுக்கொரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி. "பந்து வாங்கிக் குடுத்துட்டா டீம் ஆயிருமா வே? வயித்துக்கும் போடணும்லா" என்பீர்கள். இன்னொன்றும் சொல்வீர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் எங்களை வட்டமாக நிறுத்தி, "ஜெயிச்சா நீங்க, தோத்தா நான்" என்பீர்கள். அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. முதல் வருஷம் தோற்றோம், தோற்றோம், தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு முறையும் எதிர் அணிக்காரர்கள் முன்னால் போய் நின்று, "எம் பயலுவளுக்குச் சோறு பத்தல, எந் தப்பு" என்றீர்கள். அதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். அந்த ஒரு வாக்குக்காகவே நாங்கள் உங்களுக்காக ஓடினோம்.

சுடலைமுத்து நம்மிடம் வந்து சேர்ந்ததும் அந்த வயலில்தான். அதை உங்களிடம் வாரத்துக்கு எடுத்துப் பயிரிட்டவன் அவன். விளைந்ததில் உங்கள் பங்கை அளந்தது போக மிஞ்சுவதுதான் அவனுக்கும் அவன் மனைவி பேச்சியம்மாளுக்கும் பிள்ளைக்கும் சோறு. அவன் ஆடவா வந்தான்? வரப்பை மிதித்து உடைக்கிறார்கள் என்று சண்டை போட வந்தான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றவன் காலடியில் பந்து போய் உருண்டது. இருந்த கோபத்துக்கு ஓங்கி ஒரு உதை விட்டான், வாய்க்காலைத் தாண்டி வாழைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. நீங்கள் குடையை வீசிவிட்டுச் சிரித்தீர்கள். மறுநாளிலிருந்து அவன் நமக்குப் பின்காவல். அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. பாளையங்கோட்டைப் பந்தயத்தில் கடைசி ஆட்டம்வரை போய்விட்டோம். கோப்பை கொடுக்க வேண்டிய துரைக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் ஆனி பிறந்துவிட்டது. அணையில் தண்ணீர் திறந்து, வாய்க்கால் நிறைந்து, ஊரில் எல்லாரும் கார் போக நடவுக்குச் சேறு குழப்பித் தொழி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் கடைமடை வயலின் மடையை அடைத்துவிட்டீர்கள்.

நான் உங்களிடம் வந்தேன். "அண்ணாச்சி, நாம ஆத்து மணல்ல ஆடிக்கிடலாம். இல்லன்னா குளத்தங்கரைப் பொட்டல் கிடக்கு. வயலுக்குத் தண்ணிய விட்டுருங்க."

"மணல்ல ஆடுனா காலு மணலுக்குப் பழகிரும் வே. இந்த வயல்ல ஆடித்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம்."

"கார் பிந்திரும் அண்ணாச்சி."

"வயலு யாருது வே?"

ஆனாலும் நான் நகராமல் நின்றதைப் பார்த்து, சுடலையைக் கூப்பிட்டீர்கள். "ஏலே சுடல, நீ என்ன சொல்லுத?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "எசமான் சொன்னாச் சரிதான். பைய நட்டுக்கிடலாம். கப்பு வரட்டும்."

"கேட்டீரா?" என்று என் பக்கம் திரும்பினீர்கள்.

கேட்டேன். எதைக் கேட்டேன் என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை. அவனுக்குக் கோப்பை ஆசை இருந்தது, அதை நான் அறிவேன். ஆசை இல்லாமல் இருந்தாலும் அவன் வேறு என்ன சொல்லியிருப்பான்? மடையை அடைத்த பிறகு அல்லவா அவனிடம் கேட்டீர்கள்!

சுற்றிலும் எல்லா வயலிலும் தண்ணீர் நிற்க, நம் வயல் மட்டும் காய்ந்து கிடந்தது. வரப்பில் நண்டு வளை தோண்டும், அது வழியாகப் பக்கத்து வயல் தண்ணீர் கசிந்து உள்ளே வரும். நாங்கள் ஆட வருமுன் விடியற்காலையிலேயே சுடலை வரப்பைச் சுற்றி வந்து, ஒவ்வொரு வளையாகக் களிமண்ணை வைத்து அடைப்பான். ஒருநாள் பேச்சியம்மாள் அவனுக்குக் கஞ்சி கொண்டு வந்தவள் என்னிடம் நின்றாள்.

"ஊரெல்லாம் வயல்ல தண்ணி நிக்கணும்னு நண்டு வளைய அடைக்காவ. எங்க வீட்டுக்காரரு தண்ணி வந்துரப்படாதுன்னு அடைக்காரு. இந்தக் கூத்த எங்கன போய்ச் சொல்ல? நாத்து முத்துது வாத்தியாரய்யா."

அன்று சாயங்காலமே அதை உங்களிடம் சொன்னேன். "ஒரு வாரந்தான வே" என்றீர்கள். அந்த வாரம் இழுத்துக்கொண்டே போயிற்று.

கடைசி ஆட்டத்தன்று பாளையங்கோட்டையில் விடாத சாரல். மைதானம் தொழி அடித்த வயல் மாதிரி ஆகிவிட்டது. காய்ந்த தரையில் நாங்கள் பழகி வைத்திருந்த ஓட்டமும் பாய்ச்சலும் ஒன்றுக்கும் உதவவில்லை. கச்சேரிக் குமாஸ்தாக்களின் அணி எதிரில். அவர்கள் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கி விழுந்தார்கள், நாங்களும் வெறுங்காலோடு விழுந்தோம். விழாமல் நின்றவன் சுடலை ஒருவன்தான். பிறந்ததிலிருந்து சேற்றில் நின்ற கால் அல்லவா? தேங்கிய தண்ணீரில் புதைந்து கிடந்த பந்தை அவன் ஒருவன்தான் தோண்டி எடுத்து உதைத்தான். அது நம் ஆள் ஒருவன் முழங்காலில் பட்டு, அவனுக்கே தெரியாமல் கோலுக்குள் போயிற்று. ஒரே கோல். ஜெயித்துவிட்டோம். நீங்கள் செருப்பைக்கூட மறந்து சேற்றில் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் உங்கள் வீட்டில் விருந்து. கூடத்து மேசையில் கோப்பை. பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நீங்கள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இந்தக் கப்பு எங்க வெளஞ்சதுன்னு நெனைக்கீய? எங் கடைமடை வயல்ல வெளஞ்சது!" என்றீர்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "ஜெயிச்சா நீங்க" என்ற வாக்கு எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. சுடலை வாசல் தூணருகே நின்று, தன் பெயர் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை.

அதற்குப் பிறகு மடையைத் திறந்தீர்கள். முற்றி, கணு விழுந்த நாற்றை நட்டான். பயிர் கிளைத்துத் தூர் கட்டவில்லை. புரட்டாசியில் ஊர் அறுத்து முடித்தபோது அவன் கதிர் பச்சையாக நின்றது. மஞ்சள் கண்டு அறுக்கலாம் என்றபோது ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. கதிர் எல்லாம் தண்ணீரில் சாய்ந்து, நின்ற இடத்திலேயே முளைத்துவிட்டது.

நீங்கள் அதே குடையோடு வரப்பில் வந்து நின்றீர்கள். "எம் பங்கு வேண்டாம்லே. அம்புட்டையும் நீயே எடுத்துக்கோ" என்றீர்கள். எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் பேசிற்று. எடுத்துக்கொள்ள அங்கே என்ன இருந்தது? மாட்டுக்குப் போட வைக்கோல்கூட இல்லை, அழுகிவிட்டது. என்னிடம், "மழைக்கு நாம என்ன செய்ய முடியும் வே?" என்றீர்கள். ஜெயித்தபோது வயல் உங்களுடையதாக இருந்தது. தோற்றபோது அது மழையினுடையதாகிவிட்டது.

சாப்பாட்டுக்காக அவன் மாட்டை விற்றான். மாடில்லாதவன் எப்படி உழுவான்? அடுத்து வந்த பிசானப் போகத்துக்கு வயலை வேறொருவனுக்கு விட்டீர்கள். நான் உங்கள் வீட்டுக்கே வந்து, "இந்த ஒரு போகம் பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி, இல்லன்னா உங்க ஏரையாவது குடுங்க" என்று கேட்டேன். "வயலு காத்துக்கிட்டு இருக்காது வே" என்றீர்கள். "பந்துக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சே" என்றேன். உங்கள் முகம் கறுத்தது. அதிலிருந்து வெகுநாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. சுடலை தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். புதுப் பந்து வாங்கினீர்கள், கஞ்சியோடு மீனும் போட்டீர்கள். அவன் இல்லாமல் நாம் எதையும் ஜெயிக்கவில்லை. தோற்ற ஒவ்வொரு தடவையும் பழையபடி "எந் தப்பு" என்று எதிராளியிடம் போய்ச் சொன்னீர்கள். சொல்ல வேண்டிய ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை.

ஒரு அணி ஜெயித்தால் அதில் முதலாளிக்கு எவ்வளவு பங்கு என்று இத்தனை வருஷமாக எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இல்லாவிட்டால் பந்து இல்லை, நான் கேப்டன் இல்லை, சுடலை வரப்புக்காகச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். பாதி தரலாம், பாதிக்கு மேலும் தரலாம், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் வாரக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விளைச்சலில் பங்கு எடுத்தவருக்கு அந்த விளைச்சலுக்காக அழிந்ததிலும் பங்கு உண்டா இல்லையா? உங்களை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சேற்றில் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டீர்களே, அது வெறுக்க விடமாட்டேன் என்கிறது.

நேற்று உங்கள் மகனைப் போய்ப் பார்த்தேன். வருகிறேன், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்கே ஆட்டம் நின்றுவிட வேண்டும், எந்தப் பந்தயமானாலும் சரி, என்றேன். "வயலு நம்மளுதுதான வாத்தியாரே..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் முகத்தில் உங்கள் சாடை நிறைய இருக்கிறது. யோசிக்கட்டும்.

போகிற வழியில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கோப்பையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைமடை வரப்பு வழியாகத்தான் போனேன். கார் நடவு நடந்துகொண்டிருந்தது. கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த பெண்களில் பேச்சியம்மாளும் ஒருத்தி. சுடலையிடமிருந்து எப்போதாவது ஊர் திரும்புகிறவர்கள் மூலம் சேதி வரும், அவன் வரவில்லை. நான் கூப்பிட்டதும் வரப்புக்கு ஏறி வந்தாள். துணியைப் பிரித்துக் காட்டினேன்.

அவள் அதைப் பார்த்ததே இல்லை, அண்ணாச்சி. விருந்தன்று கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாளாம். கூடத்துக்குள் அவளை யார் விடுவார்கள்? கையை வாய்க்காலில் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஆடிய கைப்பிடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நம்ம புள்ள ஒசரம் இருக்கும்னு சொன்னாரே அவரு" என்றாள்.

பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இம்புட்டுத்தானா?"

கேட்டுவிட்டு வயலில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நடத் தொடங்கினாள். அவள் கேட்டது என்னை இல்லை, அண்ணாச்சி.