பெட்டிக்குள் பொங்காத பால்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் ரஜீவனுக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்த ஒஸ்லோக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கிறேன். சுகம் என்று எழுதினேனே தவிர வயிறு எரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்து காது கொடுப்பார், அதனால்தான் இதை உன் தங்கச்சி தர்சிகாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். இங்கே எடுத்த பொங்கல் வீடியோவை அங்கே உங்கள் சங்கத்து விழாவில் பெரிய திரையில் போட்டீர்களாம், அம்மா இனி அடுப்பு ஊதத் தேவையில்லை என்று நீ மேடையில் சொல்லிக் கண் கலங்கினாயாம். அப்பா அதை ஒழுங்கை வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

மகன், வெயில் சூட்டில் சமைக்கச் சொல்லி நீ அனுப்பிய வெயில் பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. நான் இருமுவதைப் போனில் கேட்டுவிட்டு, விறகுப் புகைதான் காரணம் என்று அதை அனுப்பினாய். ஆவணி வெயிலில் பெட்டியை வெயில் பக்கம் திருப்பிக் கண்ணாடியை மூடிவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தால் சோறும் பருப்பும் தானாக அவிந்திருக்கும், அடிப்பிடிக்காது, கரியும் இல்லை. இருமலும் குறைந்திருந்தது. ஆனால் மாரி தொடங்கி வானம் இருண்ட பிறகு அது சும்மா பெட்டிதான், காஸ் விற்கிற விலைக்குக் கட்டாது, நான் பழையபடி விறகுக்குத் திரும்பிவிட்டேன். இதைச் சொல்லியும் அப்பாவுக்கு ஏறவில்லை. உங்கள் சங்கத்துக்கு இங்கே பொறுப்பாக நிற்கிற குணநாயகமும் அவருமாகச் சேர்ந்து, "சூரியனுக்குச் சூரியன்ரை சூட்டிலயே பொங்குவம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். துறைமுகத்தில் வேலை செய்த காலமெல்லாம் வானத்தைப் பார்த்து மழை சொன்ன மனிதர் அன்றைக்கு மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. வெயில் எறித்தாலும் மூடிய பெட்டிக்குள் பால் பொங்கி வழியாது, திறந்தால் சூடு போய்விடும், வழியாத பாலை வைத்து என்ன பொங்கல் என்று கேட்டேன். கமரா வரப்போகுது, குழப்பாதேங்கோ என்று குணநாயகம் என் வாயை அடைத்தார்.

பொங்கலன்று காலையில் பானையைப் பெட்டிக்குள் வைத்தார்கள். வாடைக்காற்றும் தூறலும், மத்தியானம் வரைக்கும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தால், சீ, என்ன நாற்றம். பால் திரைந்து, அரிசி பாதி ஊறிப் பாதி விறைத்து, மேலே மஞ்சள் நீர் மிதக்கிறது. பொங்கல் நாளில் கோலம் போட்ட முற்றத்தில் அந்த மணம், எனக்கு ஓங்காளித்தது. சரி, பிழையாகிப் போயிற்று என்று ஒத்துக்கொண்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். "அக்கா, பின்னுக்கு விறகில ஒரு பானை கெதியாப் பொங்கித் தாங்கோ" என்றார் குணநாயகம். சூரியனுக்குப் படைக்காமல் நாள் போகக் கூடாதே என்று குசினிக்குப் பின்னால் ஈர விறகை ஊதி ஊதிப் பொங்கிக் கொடுத்தேன். படைக்கத்தான் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்தால் பானையின் கரியைத் துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பால் வழிய வேண்டுமே, அதற்குக் குணநாயகம் ஒரு பேணியில் பாலெடுத்துப் பானை விளிம்பில் ஊற்றினார், அப்பா கைகூப்பிக்கொண்டு பொங்கலோ பொங்கல் என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனிதரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சாமியையும் ஏமாற்றி, பெற்ற பிள்ளையையும் ஏமாற்றி, என்ன வெட்கங்கெட்ட வேலை. என்னையும் பக்கத்தில் நின்று சிரிக்கச் சொன்னார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை, அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். அப்பாவோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இப்போது வெருகல் பக்கமும் பெட்டிகள் அனுப்பப் போகிறீர்களாம். அனுப்புங்கள், நல்ல காரியம். ஆனால் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும்தான் நம்பலாம், மாரியில் ஏலாது என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்புங்கள். இந்த வீடியோவை நம்பி வாங்குகிறவள் முதல் மழையிலேயே எங்களையெல்லாம் திட்டிவிட்டு மூலையில் போட்டுவிடுவாள். உங்கள் சங்கம் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுக்குக் கொடுத்த பெட்டியில் இப்போதே கோழி அடைகிடக்கிறது. விழாவில் சொன்னதைத் திருத்திச் சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும், என்றாலும் சொல்லு.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. மறக்காமல் ஒன்று செய், அந்த வீடியோவைத் தனியாக இருந்து, சத்தத்தைக் கூட்டி வைத்து இன்னொரு முறை பார். அப்பா பொங்கலோ பொங்கல் என்று சொல்லி முடித்ததும், அவர்கள் போட்ட பாட்டுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்கும். அது நான்தான் மகன், மத்தியானச் சோற்றுக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இராசமலர்