பென்டிரைவில் பதினேழாவது

அன்புள்ள யோரிகோ,

உன் முதுகுவலி தேவலையா? கோஹாருவின் இருமல் நின்றதா? மாற்றலாகி குஷிரோ வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீ அனுப்பிய பென்டிரைவைச் சின்ன ஸ்டீரியோவில் செருகினேன். பதினாறு பாட்டு முடிந்ததும் மகள் கோஹாரு பியானோ பழகிய பதிவு வந்தது. அதன் கடைசியில் நம் வீட்டு வெந்நீர் இயந்திரம் வழக்கமான மெட்டை வாசித்து, "குளியல் தொட்டி தயார்" என்றது. முதல் குளியல் எப்போதும் எனக்குத்தானே, துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் தொட்டி காய்ந்து கிடந்தது. இந்த அறையில் அப்படிப் பேசும் இயந்திரமே கிடையாது.

ஒன்றையே திரும்பப் பாடும் பொத்தான் எப்படியோ அமுங்கியிருக்கிறது. பக்கத்து அறை குதோ அம்மா கதவைத் தட்டினார். "ஏன் தம்பி, நாலு தடவை தயார்னு சொல்லிடுச்சு. தண்ணி ஆறிடப் போகுது, போய்க் குளிங்களேன்!"

"சரிங்க" என்றேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. குப்பை வண்டி வந்துவிட்டது, ஓட வேண்டும். ஒன்று மட்டும் எழுது. பதிவின் முடிவில் கோஹாரு, "அப்பாதான் இல்லையே, இன்னிக்கு யாரும்மா மொதல்ல குளிக்கிறது?" என்கிறாள். அத்தோடு நின்றுவிடுகிறது. நீ என்ன சொன்னாய்?

மசனோபு